முழுக்களும் மட்டு மதிப்பும்: மைனஸ் குறியில் தடுமாறாமல் கற்க ஒரு வழிகாட்டி

−3 − 5 எவ்வளவு என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பலர் தயங்காமல் 8 என்பார்கள். காரணம் கேட்டால் "மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ்" என்று பதில் வரும். விதி சரிதான், ஆனால் இந்தக் கணக்கில் 'இன்ட்டு' எங்கே இருக்கிறது? பெருக்கலே இல்லாத இடத்தில் பெருக்கல் விதியைப் போட்டதால் −8 வரவேண்டிய இடத்தில் 8 வந்தது.

முழுக்களில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். கணக்குத் தெரியாததால் வருவதைவிட, ஒரு சிறு கோட்டுக்கு மூன்று வேலைகள் இருப்பது தெரியாததால் வருபவையே அதிகம். அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மனப்பாடம் செய்யவேண்டிய விதிகள் மிகவும் குறைந்துவிடும். ஆறாம் வகுப்பில் முழுக்களைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கும், வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இந்தக் கட்டுரை. வரிசையாகப் படியுங்கள். ஒரு படி பிடிபடாமல் அடுத்ததற்குப் போனால் கழித்தலில் கட்டாயம் சிக்கிக்கொள்வீர்கள்.

மைனஸ் குறியின் மூன்று வேலைகள்

−5 என்று தனியாக எழுதினால், அந்தக் குறி எண்ணோடு ஒட்டிய அடையாளம். பூச்சியத்துக்கு இடப்பக்கம் இருக்கும் எண் என்று அது சொல்கிறது.

9 − 5 என்று எழுதினால், அது ஒரு செயல். ஒன்றிலிருந்து இன்னொன்றை எடுக்கச் சொல்கிறது.

−(−5) என்று எழுதும்போது வெளியே நிற்கும் குறி, உள்ளே இருப்பதன் எதிரெண்ணைக் கேட்கிறது. −5இன் எதிரெண் 5. ஆகவே −(−5) = 5.

மூன்றுக்கும் ஒரே கோடுதான். கணக்கைப் பார்த்தவுடன் "இந்த மைனஸ் எந்த வேலை செய்கிறது?" என்று கேட்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவர வேண்டும். வாய்விட்டுப் படிக்கும்போதும் வேறுபடுத்தலாம். எண்ணோடு ஒட்டியதை 'மைனஸ் ஐந்து' என்றும், செயலை 'ஐந்தைக் கழி' என்றும், வெளியே நிற்பதை 'எதிரெண்' என்றும் படித்தால் போதும். 4 − (−9) என்பதை "நாலு மைனஸ் மைனஸ் ஒன்பது" என்று படிக்கும் பிள்ளைக்குக் குழப்பம் வரும். "நாலிலிருந்து மைனஸ் ஒன்பதைக் கழி" என்று படித்தால் என்ன செய்யவேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

பெயர்களில் கவனம்

1, 2, 3 … இயல் எண்கள். அவற்றோடு 0ஐயும் சேர்த்தால் முழு எண்கள். அவற்றோடு −1, −2, −3 … ஆகியவற்றையும் சேர்த்தால் முழுக்கள். 'முழு எண்கள்' வேறு, 'முழுக்கள்' வேறு. சரியா தவறா வகைக் கேள்விகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். 0ஐவிடப் பெரியவை மிகை எண்கள், சிறியவை குறை எண்கள். 0 மிகையும் இல்லை, குறையும் இல்லை. ஆனால் அது ஒரு முழு. அரை, −0.7 போன்றவை முழுக்கள் ஆகா.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆறாம் வகுப்பில் முழுக்கள் அறிமுகமாகின்றன. நான்கு செயல்களும் ஏழாம் வகுப்பில் வருகின்றன. இடையில் விழும் விடுமுறையில் எண்கோடு மறந்துபோகும். ஏழாம் வகுப்பு தொடங்கும்போது ஒரு வாரமாவது எண்கோட்டுக்குத் திரும்பிப் போவது நல்லது.

தேவையான பொருள்கள்

கட்டம் போட்ட நோட்டு, அளவுகோல், பென்சில். இவற்றோடு இருபது புளியங்கொட்டைகள். தாயம் உருட்டுவதற்குத் தேய்ப்பதுபோல ஒவ்வொரு கொட்டையின் ஒரு பக்கத்தையும் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் தேயுங்கள். பழுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரிந்தால் போதும், அதற்குமேல் தேய்த்தால் கொட்டை தட்டையாகி விளிம்பு உடையும். மறுபக்கத்தைத் தொட வேண்டாம். வெள்ளை மேலே இருந்தால் +1, பழுப்பு மேலே இருந்தால் −1.

இரண்டு நிறப் பொத்தான்களை வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் புளியங்கொட்டையில் ஒரு வசதி உண்டு: ஒரே கொட்டையைப் புரட்டினால் +1 ஆனது −1 ஆகிவிடும். எதிரெண் என்பது இதுதான் என்று கையாலேயே தெரிந்துவிடும். ஒரு கொட்டையை இரண்டு முறை புரட்டினால் பழைய பக்கமே மேலே வரும். −(−1) = 1 என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஒரு வெள்ளையும் ஒரு பழுப்பும் சேர்ந்தால் பூச்சியம். இதைப் பூச்சிய இணை என்று சொல்வோம்.

எண்கோடு வரைதல்

நோட்டைக் குறுக்காகத் திருப்பி 20 செ.மீ. நீளத்துக்குக் கோடு போடுங்கள். இரு முனைகளிலும் அம்புக்குறி இடுங்கள், ஏனென்றால் முழுக்களுக்கு முடிவு இல்லை. சரியாக நடுவில் 0. அங்கிருந்து வலப்பக்கம் ஒவ்வொரு செ.மீ.க்கும் 1, 2, 3 … 10. பிறகு மறுபடியும் 0க்கே வந்து இடப்பக்கம் −1, −2 … −10.

இடது ஓரத்திலிருந்து எழுதத் தொடங்கக் கூடாது. அப்படித் தொடங்கும் பிள்ளைகள் இடது ஓரத்தில் −1 போட்டு, −2, −3 என்று நடுவை நோக்கி வந்து, −10க்குப் பக்கத்தில் 0ஐ வைத்துவிடுகிறார்கள். கோடு பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அதை வைத்துப் போடும் ஒவ்வொரு கணக்கும் தவறாகும். 0க்கு இரு பக்கமும் 1உம் −1உம் சம தூரத்தில் நிற்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தப் பிழை நுழையாது.

கோட்டில் நகரும்போது புள்ளிகளை எண்ணாமல் தாவல்களை எண்ண வேண்டும். −3 + 7 என்றால் −3இல் விரலை வைத்து, வலப்பக்கம் முதல் தாவல் −2, இரண்டாவது −1, மூன்றாவது 0 … ஏழாவது தாவலில் 4. நிற்கும் இடத்தையே 'ஒன்று' என எண்ணினால் 3இல் போய் நிற்பீர்கள். விடை எப்போதும் ஒன்று குறைவாகவோ ஒன்று கூடுதலாகவோ வந்துகொண்டிருந்தால் காரணம் இதுதான், வேறு எங்கும் தேட வேண்டாம்.

கோட்டை நிமிர்த்தி வைத்தும் ஒன்று வரையுங்கள். வெப்பநிலை, கடல் மட்டம், லிப்ட் பொத்தான்கள் எல்லாம் மேல்கீழாகத்தான் வருகின்றன. தொட்டபெட்டா கடல் மட்டத்துக்கு மேல் 2,637 மீ. கேரளத்தின் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வயல்கள் உண்டு. 2 மீ. கீழே இருக்கும் வயலை −2 என்று எழுதலாம். கடல் மட்டம் 0.

பெரியது எது, சிறியது எது

வலப்பக்கம் இருப்பது பெரியது. இந்த ஒரு வரி போதும், குறை எண்களுக்கென்று தனி விதி வேண்டாம். −8, −3க்கு இடப்பக்கம் இருக்கிறது. ஆகவே −8 < −3.

இருந்தும் பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள். 8 பெரிய எண்ணாயிற்றே என்று கண் சொல்கிறது. லடாக்கின் திராஸில் சனவரி இரவுகளில் வெப்பநிலை −20 டிகிரி செல்சியசுக்கும் கீழே போவதுண்டு. −20 டிகிரி, −5 டிகிரி இரண்டில் எது குளிர் அதிகம் என்று கேட்டால் யாரும் தவறாகச் சொல்ல மாட்டார்கள். குளிர் அதிகமானால் வெப்பநிலை குறைவு. −20 < −5.

ஏறு வரிசை கேட்டால் இப்படிச் செய்யுங்கள். −7, 4, 0, −2, −11, 9 என்று கொடுத்திருக்கிறார்கள். குறை எண்களை மட்டும் தனியே எடுங்கள்: −7, −2, −11. குறியை மறைத்துப் பார்த்தால் 7, 2, 11. இவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிக் குறியைத் திரும்பப் போடுங்கள்: −11, −7, −2. பிறகு 0, பிறகு 4, 9. விடை: −11, −7, −2, 0, 4, 9. எழுதி முடித்ததும் எண்ணிக்கை சரிபாருங்கள். 0ஐ எழுத மறப்பது வழக்கமாக நடப்பது.

முன்னி (ஒன்று குறைவான எண்), தொடரி (ஒன்று கூடுதலான எண்) இரண்டிலும் இதே கவனம் வேண்டும். −10இன் தொடரி −9, முன்னி −11.

மட்டு மதிப்பு என்றால் தூரம்

ஓர் எண் எண்கோட்டில் 0இலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதுவே அதன் மட்டு மதிப்பு. சில நூல்களில் தனி மதிப்பு என்றும் இருக்கும். இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே எழுதுவார்கள்: |−7| = 7, |7| = 7, |0| = 0. ஜெர்மன் கணித அறிஞர் கார்ல் வைர்ஸ்ட்ராஸ் 1841இல் பயன்படுத்திய குறி இது.

"மைனஸை எடுத்துவிட்டால் மட்டு மதிப்பு" என்று சொல்லிக்கொடுப்பது பரவலாக இருக்கிறது. அதை விட்டுவிடுவதே நல்லது. |−7|க்கு அது வேலை செய்யும், |3 − 8|இல் கவிழ்த்துவிடும். மைனஸை எடுத்த பிள்ளை 3, 8 இரண்டையும் கூட்டி 11 என்கிறது. தூரம் என்று பார்க்கும் பிள்ளை முதலில் உள்ளே இருப்பது எந்த எண் என்று கண்டுபிடிக்கும்: 3 − 8 = −5. அது 0இலிருந்து 5 தாவல். விடை 5. செங்குத்துக் கோடுகள் அடைப்புக்குறி மாதிரியும் வேலை செய்கின்றன. உள்ளே இருப்பதை முழுதாகச் செய்து முடித்த பிறகே தூரத்தைப் பார்க்க வேண்டும்.

தூரம் ஒருபோதும் குறை எண்ணாக வராது. பேருந்து நிலையம் உங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் 3 கி.மீ. என்றுதான் சொல்வோம்.

இனி அதிகம் தவறும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

−|−5| எவ்வளவு? உள்ளே |−5| = 5. வெளியே ஒரு மைனஸ் காத்திருக்கிறது, அது எதிரெண்ணைக் கேட்கிறது. ஆகவே −5. மட்டு மதிப்பு குறையாக வராது என்றோமே, இங்கே −5 எப்படி வந்தது என்று கேட்டால், அந்த மைனஸ் கோடுகளுக்கு வெளியே இருப்பதுதான் காரணம். −(−5) = 5, −|−5| = −5. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

|5 + (−3)| = |2| = 2. ஆனால் |5| + |−3| = 5 + 3 = 8. கூட்டிவிட்டு மட்டு மதிப்பு எடுப்பதும், மட்டு மதிப்பு எடுத்துவிட்டுக் கூட்டுவதும் ஒன்றல்ல. இரண்டு எண்களுக்கும் ஒரே குறி இருந்தாலோ, ஒன்று 0ஆக இருந்தாலோ மட்டுமே இரண்டும் சமம். குறி வேறாக இருந்தால் முதலாவது எப்போதும் சிறியதாக இருக்கும்.

|□| = 4 என்றால் கட்டத்தில் என்ன எண்? 0இலிருந்து நான்கு தாவலில் இருக்கும் இடங்கள் இரண்டு: 4, −4. இரண்டையும் எழுதினால்தான் முழு மதிப்பெண். |□| = 0 என்றால் 0 மட்டும். |□| = −3 என்றால் விடையே கிடையாது. கணக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பிக்காமல், −3 தூரத்தில் எதுவும் இருக்க முடியாது என்று எழுதி முடித்துவிடலாம்.

|□| < 3 ஆகும் முழுக்கள் எத்தனை? −2, −1, 0, 1, 2 என ஐந்து. |□| ≤ 3 என்றால் −3உம் 3உம் சேர்ந்து ஏழு. வலப்பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு நிற்பது இங்கே வரும் பிழை.

எட்டாம் வகுப்புக்கு மேல் ஓர் எண்ணுக்குப் பதில் எழுத்து வரும்போது இன்னொரு தடுமாற்றம் இருக்கிறது. 'அ' ஒரு குறை முழு என்றால் |அ| = −அ என்று பாடத்தில் இருக்கும். மட்டு மதிப்புக்கு மைனஸா என்று பிள்ளைகள் அதை நம்ப மறுப்பார்கள். அ = −6 என்று வைத்துப் பாருங்கள். −அ என்பது −6இன் எதிரெண், அதாவது 6. முன்னால் மைனஸ் இருப்பதாலேயே −அ குறை எண் ஆகிவிடாது. அந்த மைனஸ் மூன்றாவது வேலையைச் செய்கிறது, எதிரெண்ணைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரம்

மட்டு மதிப்பின் உண்மையான பயன் இங்கேதான். அ, ஆ என்ற இரு எண்களுக்கு இடைப்பட்ட தூரம் |அ − ஆ|. எதிலிருந்து எதைக் கழித்தாலும் விடை ஒன்றுதான்.

−6க்கும் 9க்கும் இடையே: |−6 − 9| = |−15| = 15. மாற்றிப் போட்டால் |9 − (−6)| = |15| = 15. −12க்கும் −5க்கும் இடையே: |−12 − (−5)| = |−7| = 7. தொட்டபெட்டா உச்சிக்கும் −2 மீ. வயலுக்கும் உயர வேறுபாடு: |2637 − (−2)| = 2,639 மீ.

மனக்கணக்காகச் செய்ய: இரண்டும் 0க்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் மட்டு மதிப்புகளைக் கூட்டுங்கள். ஒரே பக்கம் இருந்தால் பெரிய மட்டு மதிப்பிலிருந்து சிறியதைக் கழியுங்கள். கோட்டில் ஒருமுறை குறித்துப் பார்த்துவிட்டால் இதை விதியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஆண்டுக் கணக்கில் மட்டும் இது அப்படியே பொருந்தாது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63 செப்டம்பரில், இறந்தது கி.பி. 14 ஆகஸ்டில். 14 − (−63) = 77 என்று வரும். ஆனால் இறந்தபோது அவருக்கு வயது 75. கி.மு. 1க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1, நடுவே 0 என்ற ஆண்டு இல்லை. அதற்கு ஒன்று குறைக்க 76. 76ஆவது பிறந்தநாள் வர ஒரு மாதம் இருந்தது, ஆகவே 75. எண்கோட்டுக் கணக்கை எங்கே பயன்படுத்தினாலும், அந்த அளவில் உண்மையிலேயே 0 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கூட்டல்

−8 + 5ஐப் புளியங்கொட்டையில் வையுங்கள். எட்டுப் பழுப்பு, ஐந்து வெள்ளை. ஒரு பழுப்பும் ஒரு வெள்ளையுமாக இணை சேர்த்து ஒதுக்குங்கள். ஐந்து இணைகள் போகும், மூன்று பழுப்பு மிஞ்சும். விடை −3. இப்படி நாலைந்து கணக்கு செய்த பிறகு பிள்ளையே விதியைச் சொல்லும்.

குறி ஒன்றாக இருந்தால் மட்டு மதிப்புகளைக் கூட்டி அதே குறியைப் போடு: −17 + (−26) = −43. குறி வேறாக இருந்தால் பெரிய மட்டு மதிப்பிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதன் குறியைப் போடு: −64 + 29 என்றால் 64 − 29 = 35, பெரியது 64, அதன் குறி மைனஸ், விடை −35.

நீளமான கணக்கில் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போகாதீர்கள். 12 + (−7) + 5 + (−20) + 3 என்றால் மிகைகளை ஒரு பக்கம் கூட்டுங்கள், 20. குறைகளை ஒரு பக்கம் கூட்டுங்கள், −27. விடை −7. முழுக்களின் கூட்டலில் வரிசை மாற்றலாம் என்பதால் இது செல்லும்.

கழித்தல்

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு நேரம் அதிகம் கொடுங்கள்.

3 − 5ஐ வையுங்கள். மூன்று வெள்ளை இருக்கிறது, ஐந்து வெள்ளையை எடுக்க வேண்டும். இல்லையே? இரண்டு பூச்சிய இணைகளைச் சேருங்கள். அதனால் மதிப்பு மாறாது. இப்போது ஐந்து வெள்ளை, இரண்டு பழுப்பு. ஐந்து வெள்ளையை எடுத்தால் மிச்சம் இரண்டு பழுப்பு: −2.

அடுத்து 2 − (−3). இரண்டு வெள்ளை மட்டும் இருக்கிறது, மூன்று பழுப்பை எடுக்க வேண்டும். மூன்று பூச்சிய இணைகளைச் சேர்த்தால் ஐந்து வெள்ளை, மூன்று பழுப்பு. பழுப்பு மூன்றையும் எடுங்கள். ஐந்து வெள்ளை நிற்கிறது. 2 + 3 போட்டாலும் இதே விடை. குறையை எடுத்தால் ஏன் கூடுகிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணை வைத்தும் சொல்லலாம். நீட் தேர்வில் சரியான விடைக்கு +4, தவறான விடைக்கு −1. 10 சரி, 6 தவறு என்றால் 10 × 4 + 6 × (−1) = 34. அதே முறையில் நடத்திய பயிற்சித் தேர்வில் 34 வாங்கிய மாணவருக்கு, தவறென்று போட்ட ஒரு −1ஐ ஆசிரியர் திரும்ப எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 − (−1) = 35. கழித்ததை எடுத்தால் மதிப்பெண் ஏறுகிறது.

இனி விதி: கழித்தல் என்பது எதிரெண்ணைக் கூட்டல். முதல் எண்ணைத் தொடாதே. நடுவில் உள்ள கழித்தலைக் கூட்டலாக்கு. இரண்டாவது எண்ணைப் புரட்டு.

−4 − (−9) → −4 + 9 = 5
−4 − 9 → −4 + (−9) = −13
4 − 9 → 4 + (−9) = −5

முதல் எண்ணையும் சேர்த்துப் புரட்டிவிடுவது ஒரு பிழை. நடுக்குறியை மாற்றிவிட்டு இரண்டாவது எண்ணைப் புரட்ட மறப்பது இன்னொன்று. மாற்றம் இரண்டே இடத்தில், இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். தொடக்கத்தில் அந்த இடைவரியை எழுதாமல் விடைக்குத் தாவக் கூடாது. முதலில் சொன்ன −3 − 5க்கும் இதே வழிதான்: −3 + (−5) = −8. மூன்று பழுப்போடு இன்னும் ஐந்து பழுப்பு, வெள்ளை எங்கிருந்து வரும்?

சரிபார்க்க: விடையோடு இரண்டாவது எண்ணைக் கூட்டினால் முதல் எண் வரவேண்டும். 5 + (−9) = −4. சரி.

பெருக்கலும் வகுத்தலும்

3 × (−4) என்பது நான்கு பழுப்பாக மூன்று கூட்டம், −12. (−3) × 4 என்றால் நான்கு வெள்ளையாக மூன்று கூட்டம் வைத்து எல்லாவற்றையும் புரட்டு, −12. (−3) × (−4) என்றால் நான்கு பழுப்பாக மூன்று கூட்டம் வைத்து எல்லாவற்றையும் புரட்டு. பன்னிரண்டும் வெள்ளை. மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ் ஆனது இப்படித்தான்.

"புரட்டலாம் என்று யார் சொன்னது?" என்று கேட்கும் பிள்ளையும் இருக்கும். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குப் பங்கீட்டுப் பண்பு பதில் சொல்லும்: கூட்டிவிட்டுப் பெருக்கினாலும், தனித்தனியாகப் பெருக்கிவிட்டுக் கூட்டினாலும் விடை ஒன்றே. 4 + (−4) = 0. ஆகவே (−3) × [4 + (−4)] = 0. பிரித்துப் பெருக்கினால் (−3) × 4 + (−3) × (−4) = 0. முதல் பகுதி −12. −12ஓடு எதைக் கூட்டினால் 0 வரும்? 12ஐ. ஆகவே (−3) × (−4) = 12. வேறு எந்த விடை வைத்தாலும் பங்கீட்டுப் பண்பு உடைந்துபோகும்.

இந்த விதிகள் நம் நாட்டில் பழையவை. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், மிகையைத் தனம் என்றும் குறையைக் கடன் என்றும் குறித்து, கடனைக் கடனால் பெருக்கினால் தனம் என்று விதி வகுத்திருக்கிறார்.

பல எண்கள் பெருக்கலில் வந்தால் குறை எண்கள் எத்தனை என்று முதலில் எண்ணிக் குறியை முடிவு செய்யுங்கள்: இரட்டைப்படை என்றால் மிகை, ஒற்றைப்படை என்றால் குறை. பிறகு மட்டு மதிப்புகளைப் பெருக்குங்கள். (−2) × 5 × (−1) × (−3)இல் குறை எண்கள் மூன்று. விடை −30. நடுவில் ஒரு 0 இருந்தால் இந்த வேலையே வேண்டாம், விடை 0.

அடுக்கில் அடைப்புக்குறியைக் கவனியுங்கள். (−2)⁴ = 16. −2⁴ = −16. இரண்டாவதில் அடுக்கு 2க்கு மட்டும் சொந்தம். முதலில் 2⁴ = 16, பிறகு அதன் எதிரெண்.

வகுத்தலில் குறி விதி பெருக்கலுக்கு உள்ளதேதான். ஆனால் (−7) ÷ 2 ஒரு முழு ஆகாது, 0ஆல் வகுக்கவும் முடியாது. முழுக்கள் வகுத்தலில் அடைவுப் பண்பு (இரு முழுக்களைக் கொண்டு செய்தால் விடையும் எப்போதும் முழுவாகவே வருவது) உடையவை அல்ல என்று பாடத்தில் இருப்பதற்கு இவையே எடுத்துக்காட்டு.

9, 4 என்ற இரண்டே எண்களில் பயிற்சி

புதுப்புது எண்கள் கொடுத்தால் பிள்ளையின் கவனம் பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் போய்விடும். எண்களை மாற்றாமல் குறிகளை மட்டும் மாற்றினால் கவனம் குறியிலேயே நிற்கும். விடைப் பக்கத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மைனஸ் என்ன வேலை செய்கிறது என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் விடை எழுதவேண்டும்.

−9 + 4 = −5
−9 − 4 = −13
−9 − (−4) = −5
9 − (−4) = 13
|−9 + 4| = 5
|−9| + |4| = 13
−|−9| + |4| = −5
|−9 − 4| = 13
(−9) × (−4) = 36
−(9 × 4) = −36
|−9| × (−4) = −36

−9 − 4 ஒன்று மட்டும் −13, பிற மூன்று இடங்களில் 13 வந்திருக்கிறது. ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும். −9 + 4உம் −9 − (−4)உம் ஒரே விடை தருவதற்கான காரணத்தையும் கேளுங்கள். விளக்கம் சொல்ல முடியாவிட்டால், விடை சரியாக இருந்தாலும் புளியங்கொட்டைக்குத் திரும்புங்கள்.

இவை கைவந்துவிட்ட பிள்ளைக்கு ஒரு கணக்கு: |□ − 2| + |□ − 7| = 5 ஆகும் முழுக்கள் எவை? 2இலிருந்து உள்ள தூரமும் 7இலிருந்து உள்ள தூரமும் சேர்ந்து 5 ஆகவேண்டும் என்று படியுங்கள். எண்கோட்டில் 2க்கும் 7க்கும் நடுவே எங்கே விரலை வைத்தாலும் அந்த இரண்டு தூரமும் சேர்ந்து 5தான் வரும். ஆகவே 2, 3, 4, 5, 6, 7 என ஆறு முழுக்கள். 5க்குப் பதில் 9 என்று கொடுத்தால் நடுவில் எதுவும் சரிப்படாது. வெளியே போகவேண்டும், 0உம் 9உம் மட்டும் விடை. 3 என்று கொடுத்தால் ஒரு விடையும் இல்லை, ஏனென்றால் அந்த இரு தூரங்களின் கூட்டல் 5ஐவிடக் குறையவே குறையாது.